சிவித்தா: மண் சரிந்து காலியான ஊரா, வழி அறுந்து காலியான ஊரா?

இத்தாலியின் சிவித்தா தி பான்யோரேஜோ என்ற குன்றூரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று உலகமெங்கும் படம் போட்டுக் காட்டப்படும் அந்த ஊரை மக்கள் விட்டுப் போனதற்கு அடிமண் சரிவதுதான் காரணமா, அப்படிச் சரிகிற இடத்தில் முதலில் ஏன் குடியேறினார்கள், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் வாழும் இடத்துக்கு இப்போது ஏன் இலட்சக்கணக்கானோர் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊரின் வரலாற்றைக் குன்றின் வரலாறாகப் படிப்பதைவிட, குன்றுக்குப் போகும் வழியின் வரலாறாகப் படித்தால் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திவிடும் என்பது என் எண்ணம்.

ரோமிலிருந்து வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், லாட்சியோ மாநிலத்தின் வித்தேர்போ மாவட்டத்தில், பொல்சேனா ஏரிக்கும் தைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சிவித்தா இருக்கிறது. அதன் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 443 மீட்டர்தான். மேற்கே சற்றுத் தள்ளியுள்ள பான்யோரேஜோ என்ற சிற்றூர் 484 மீட்டரில் இருக்கிறது. அதாவது 'மலையூர்' என்று நாம் சொல்லும் சிவித்தா, தன் அண்டை ஊரைவிடத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர்கள், யாரோ ஒரு காலத்தில் பாதுகாப்புக்காகத் தனிக்குன்று ஒன்றைத் தேடிப்பிடித்து உச்சியில் ஊரைக் கட்டினார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊர் உண்டான காலத்தில் அது ஒரு நீண்ட மேட்டுநிலத்தின் கிழக்கு முனையாக இருந்தது. பின்னர்ச் சுற்றிலும் இருந்த நிலம் கரைந்து போக, அது தனிக்குன்றாக நின்றுவிட்டது.

நிலம் ஏன் கரைந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் குன்றைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல எண்ணிக்கொள்ளுங்கள். அடியில் கடலடிக் களிமண். மத்திய இத்தாலியின் இந்தப் பகுதி முழுவதும் கடலாக இருந்த காலத்தில் படிந்த அந்தச் சாம்பல்நீல மண்ணில் இன்றும் கடற்சிப்பிகள் கிடைக்கின்றன. கடல் பின்வாங்கிய பிறகு, இன்று பொல்சேனா ஏரி இருக்கும் இடத்தைச் சுற்றியிருந்த வுல்சினி எரிமலைகள் பல இலட்சம் ஆண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. அவை உமிழ்ந்த சாம்பலும் நுரைக்கல்லும் களிமண்ணின்மேல் அடுக்கடுக்காகப் படிந்தன. அந்த அடுக்குகளுக்கெல்லாம் மேலே, சுமார் 3,30,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு பெருவெடிப்பில் தரையோடு தரையாகப் பாய்ந்து வந்த சூடான சாம்பல் வெள்ளம் இறுகிப் பாறையானது. இத்தாலியர் இதைத் 'தூஃபோ' என்கிறார்கள். பக்கத்து நகரமான ஓர்வியேத்தோவைத் தாங்கி நிற்பதும் இதே பாறைதான். வெட்டுவதற்கு மென்மையானது, ஆனால் செங்குத்தாக வெட்டி நிறுத்தினால் நிற்கக்கூடியது. ஒரு கைக்கோடரியால் ஒரு பருவத்துக்குள் ஓர் அறையைக் குடைந்துவிடலாம். தலைமுறை தலைமுறையாக மக்களை அங்கே இழுத்தது இந்தக் குணமே.

அழிவு வருவது தூஃபோவும் களிமண்ணும் சந்திக்கும் இடத்தில். மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, நீர் உட்புகாத களிமண்ணின் மேல்மட்டத்துக்கு வந்ததும் நின்று, பக்கவாட்டில் கசியத் தொடங்குகிறது. கோடையில் சரிவுகளில் உள்ள களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. மழைக்காலத்தில் அந்த வெடிப்புகளில் நீர் நிறைந்து, முழுப் பாளமும் கூழாகி வழிந்துவிடுகிறது. அடிவாரத்தில் ஓடும் இரண்டு ஓடைகள் வழிந்து வந்த மண்ணைத் தங்கவிடாமல் தைபரை நோக்கி அள்ளிக்கொண்டு போகின்றன. ஒன்றின் பெயர் ரியோ தோர்பிதோ, கலங்கல் ஓடை. மற்றொன்று ரியோ கியாரோ, தெளிந்த ஓடை. இப்படிக் களிமண் பின்வாங்கப் பின்வாங்க, மேலே விளிம்பில் நிற்கும் தூஃபோவுக்குக் காலடியில் பிடிமானம் இல்லாமற் போகிறது. அப்போது விளிம்புக்கு இணையாக, உள்ளே சில மீட்டர் தள்ளி, ஒரு பிளவு விழுகிறது. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல அகன்று, ஒரு நாள் ஒரு முழுச் சுவர்ப்பாறையாகக் கவிழ்கிறது. மேலே வீடு இருந்தால் வீட்டோடு சேர்ந்து. சிவித்தாவின் ஓரத் தெருக்களில் நடப்பவர்கள், சன்னலும் வாசலும் ஒழுங்காக நிற்கும் ஒரு வீட்டு முகப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தால் உள்ளே அறையோ கூரையோ இல்லாமல் வானமும் பள்ளத்தாக்கும் தெரிவதைக் காணலாம். வீட்டின் பின்பாதி எப்போதோ கீழே போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் சுற்றிலும் நிற்கும் கத்திமுனை போன்ற வெளிறிய களிமண் வரப்புகளைக் 'கலாங்கி' என்று அழைக்கிறார்கள்.

இந்த இயக்கம் ஊருக்கு அடியில் நடந்ததைவிட, ஊருக்கும் மேற்கே இருந்த மேட்டுக்கும் நடுவில் இன்னும் வேகமாக நடந்தது. இரு முனைகளிலும் தூஃபோ ஒரு குடைபோலக் களிமண்ணை மூடியிருந்தது. நடுவில் இருந்த ஒடுங்கிய முகட்டில் அந்தக் குடை தேய்ந்துபோக, வெறும் களிமண்ணே வானம் பார்த்துக் கிடந்தது. வழி அந்த முகட்டின்மேல்தான் போயிற்று. ஆகவே ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஊர் ஓரங்களில் சிறிது தேய்ந்தது என்றால், வழி அதைவிட ஆழமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. ஊருக்கு முன்பே சாக வேண்டியதாக இருந்தது கழுத்துப் போன்ற அந்த முகடுதான்.

இனி, அப்படிப்பட்ட இடத்தில் ஏன் குடியேறினார்கள் என்பது. ஊரை நிறுவியவர்கள் எத்ருஸ்கர்கள். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ரோமானியர்களுக்கு முன் மத்திய இத்தாலியில் ஓங்கியிருந்த அந்த மக்கள் தூஃபோ மேடுகளைத் தேடித்தேடிக் குடியேறியவர்கள். ஓர்வியேத்தோவும் அவர்கள் நகரமே. செங்குத்தான பாறை மதிலின் வேலையைச் செய்தது. உள்ளே குடைந்தால் தொட்டி, தானியக்கிடங்கு, மது நிலவறை, கல்லறை எல்லாம் கிடைத்தன. தோண்டியெடுத்த கல்லே வீட்டுக்குச் சுவரானது. கீழே தைபர்ப் பள்ளத்தாக்குக்கும் மேலே ஏரிக்கும் இடையே போய்வரும் வணிக வழியும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஓரங்கள் சரிவது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மழைநீரை வடிக்கவும் ஓடைகளைக் கட்டுப்படுத்தவும் அவர்கள் வேலைகள் செய்தார்கள் என்றும், ரோமானியர்கள் அவற்றைத் தொடர்ந்தார்கள் என்றும், பின்னால் வந்தவர்கள் கவனிக்காமல் விட்டதிலிருந்தே தொல்லை பெருகிற்று என்றும் உள்ளூர் வரலாறு சொல்கிறது. அதில் கொஞ்சம் முன்னோர் பெருமை கலந்திருக்கலாம். ஆனாலும் காடழித்து, களிமண் சரிவுகளில் உழுது பயிரிட்டது அரிப்பைக் கூட்டியது என்பதில் ஐயமில்லை.

எத்ருஸ்கர் விட்டுச்சென்ற தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஊருக்குள் நுழையும் ஒரே வாயிலான சாந்தா மரியா வாயில், பாறையை ஊடறுத்து அவர்கள் வெட்டிய நடைவழியின்மேல் இடைக்காலத்தவர் வளைவு கட்டிச் சேர்த்தது. ஊரின் கீழ்க்கோடியில் 'புக்காயோனே' என்ற சுரங்கப்பாதை பாறையின் வயிற்றைத் துளைத்துப் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அருகே பாறைமுகத்தில் குடைந்த ஓர் எத்ருஸ்கக் கல்லறை, இடைக்காலத்தில் சிறையாகி, பிறகு மாதாவின் சிற்றாலயமாகிவிட்டது. பெயரே 'சிறை மாதா'. கி.மு. 264-இல் ரோம் இப்பகுதியின் எத்ருஸ்கத் தலைநகரான வோல்சினியைத் தகர்த்தபின் சிவித்தாவும் ரோமானியர் கைக்குப் போயிற்று. ஊர்ச்சதுக்கத்தில் ஆலயத்தின் எதிரே இன்று உட்காருவதற்குப் பயன்படும் கல்தூண் துண்டுகள் அந்தப் பழங்காலத்து மிச்சங்களே.

பெயரைப் பற்றி ஒரு சொல். பான்யோரேஜோ என்றால் 'அரசனின் குளியல்'; இலத்தீனில் பால்னேயும் ரேஜிஸ். லொம்பார்து அரசன் தெசிதேரியோ இங்குள்ள வெந்நீரில் குளித்து நோய் தீர்ந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று கதை சொல்வார்கள். தெசிதேரியோ ஆண்டது 757 முதல் 774 வரை. ஆனால் சுமார் கி.பி. 600-ஐ ஒட்டித் திருத்தந்தை (போப்) முதலாம் கிரகோரியார் எழுதிய கடிதத்திலேயே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. கதையை அத்துடன் விட்டுவிடலாம். அந்தக் கடிதத்தால் நமக்கு வேறொரு பயன் உண்டு: அது இங்கே ஆயர் (பிஷப்) நியமனம் பற்றியது. ஆக, அக்காலத்திலேயே இது ஆயர் இருக்கை கொண்ட ஊராக இருந்திருக்கிறது. 'சிவித்தா' என்ற சொல்லுக்கே நகரம் என்றுதான் பொருள். இடைக்காலம் முழுவதும் பான்யோரேஜோ என்ற நகரத்தின் இதயம் இந்தக் குன்றுதான். மேற்கு மேட்டில் இருந்த ரோத்தா அதன் பேட்டைகளில் ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் தலைகீழாக மாறியதே கதையின் திருப்பம்.

இடைக்காலச் சிவித்தாவை உலகம் அறிவது ஒரு மனிதரால். சுமார் 1217-இல் இங்கே ஜொவான்னி ஃபிதான்சா என்ற பெயரில் பிறந்து, பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, 1257-இல் அதன் தலைமைப் பணியாளராகி, 1273-இல் கர்தினாலாகி, 1274-இல் லியோன் பொதுச்சங்கத்தின்போது இறந்த பொனவெந்தூர் தான் அவர். 1482-இல் புனிதர் பட்டமும் 1588-இல் மறைவல்லுநர் பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன. குழந்தையாக நோயுற்றிருந்தபோது புனித பிரான்சிஸ் அசிசியார் அவரைக் குணமாக்கி, 'நல்லூழ்' என்று பொருள்படும் 'புவோனா வெந்தூரா' என வியந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பது மரபு. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் சுவர்க்கப் பகுதியில் அவரைப் பேசவைக்கும்போது 'பான்யோரேஜோவின் பொனவெந்தூர்' என்று ஊர்ப் பெயரோடு அறிமுகப்படுத்திக்கொள்ளச் செய்கிறார். அவர் பிறந்த வீட்டைப் பார்க்கலாம் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அது பாறை விளிம்போடு சேர்ந்து என்றோ கீழே விழுந்துவிட்டது. லியோனில் இருந்த அவரது உடலும் 1562-இல் சமயப் போரின்போது எரிக்கப்பட்டது. எழுதிய கை மட்டும், அதற்கு முன்பே சொந்த ஊருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் தப்பி, இன்று பான்யோரேஜோ பேராலயத்தில் இருக்கிறது. சிவித்தாவில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஊர் அக்காலத்தில் எவ்வளவு தன்மானத்தோடு இருந்தது என்பதற்கு வாயிலில் ஒரு சான்று உண்டு. சாந்தா மரியா வாயிலின் இருபுறமும் தேய்ந்த கற்சிங்கங்கள் தெரியும். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு மனிதத் தலை. ஓர்வியேத்தோவைச் சேர்ந்த மொனால்தெஸ்கி என்ற பிரபுக் குடும்பம் நீண்ட காலம் இப்பகுதியை ஆட்டிப்படைத்தது. 1457-இல் ஊர் மக்கள் கிளர்ந்தெழுந்து அக்குடும்பத்தின் பிடியை ஒழித்தார்கள். அந்தத் தலைகள் ஆண்டவர்களுடையவை, சிங்கங்கள் மக்கள். பிறகு ஊர், திருத்தந்தையர் அரசர்களாக ஆண்ட நாட்டுக்குள் அமைதியாக அடங்கியது. ஒரு காலத்தில் ஐந்து வாயில்கள் இருந்தன என்பார்கள்; மற்றவை விளிம்புகளோடு போய்விட்டன.

இப்போது 1695-க்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு ஜூன் 11-ஆம் நாள் பான்யோரேஜோவை மையமாகக் கொண்டு ஒரு கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. வீடுகள் இடிந்தன, ஆலயங்கள் சேதமடைந்தன, விளிம்புகள் பெயர்ந்தன. இதற்கு முன்னும் இங்கே நடுக்கங்கள் உண்டு. ஊர் இடிந்து, கட்டி, மீண்டும் இடிந்து பழகியதுதான். அந்த முறை கூடுதலாக நேர்ந்தது என்னவென்றால், ஏற்கெனவே தேய்ந்திருந்த களிமண் முகடு உடைந்து, சிவித்தாவுக்கும் ரோத்தாவுக்கும் இடையிலான வழி பாழானது. வண்டி போக முடியாத இடத்தில் நகர நிருவாகம் நடக்க முடியாது. நகர மன்றமும் ஆயரும் ரோத்தாவுக்கு இடம் மாறினார்கள். சிவித்தாவின் புனித தொனாத்தோ ஆலயம், ஆயர் இருக்கும் பேராலயம் என்ற தகுதியை இழந்தது. அந்தத் தகுதி ரோத்தாவில் இருந்த புனித நிக்கோலா ஆலயத்துக்குப் போனது. வசதியுள்ள குடும்பங்கள் ஆயரைப் பின்தொடர்ந்தன. 1764-இல் மறுபடியும் நேர்ந்த சேதம் வழியை மேலும் அறுத்தது.

இதில் எது காரணம், எது சாக்கு என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதே 1695-இல் ரோத்தாவும் அடிபட்டது. ஆனால் ரோத்தா மீண்டும் கட்டப்பட்டது, ஏனெனில் அது மேட்டுநிலத்தோடு ஒட்டியிருந்தது, அங்கே வண்டி வந்தது. சிவித்தாவில் நின்றிருந்த வீடுகளில் பலவற்றில் தொடர்ந்து குடியிருக்க முடிந்திருக்கும்; அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன. ஓர்வியேத்தோவும் இதே தூஃபோவின்மேல் இதே களிமண்ணுக்கு மேல் இருக்கிறது; அதன் விளிம்புகளிலும் பாறைகள் விழுந்திருக்கின்றன; ஆனாலும் அது ஆயிரக்கணக்கானோர் வாழும் நகரம், ஏனெனில் அதற்குச் சாலை உண்டு, ஆயர் அங்கேயே இருந்தார், அரசு அதை விட்டுவிடவில்லை. ஆகவே 'மண் சரிந்ததால் ஊர் காலியாயிற்று' என்ற வாக்கியத்தை நான் ஏற்பதில்லை. மண் சரிந்ததால் வழி அறுந்தது. வழி அறுந்ததால் அதிகாரம் இடம் மாறியது. அதிகாரம் போனதால் மக்கள் போனார்கள். ஒவ்வொரு படியிலும் வேறு முடிவு எடுக்கப்பட்டிருக்கலாம்.

எல்லாரும் ஒரே நாளில் மூட்டை கட்டிவிடவும் இல்லை. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகள் சிவித்தா ஒரு உழவர் கிராமமாக நீடித்தது. நகரத்தின் பெயர் பக்கத்து மேட்டுக்குப் போய்விட, 'நகரம்' என்ற பொருள் கொண்ட சொல் மட்டும் இந்தக் கிராமத்தில் தங்கிவிட்டது. கழுதைகள் முகட்டு வழியாகத் திராட்சையையும் ஒலிவக் காயையும் சுமந்து வந்தன; பாறைக்குள் குடைந்த அறையில் கழுதையே செக்கைச் சுற்றியது; எண்ணெயும் மதுவும் அதே நிலவறைகளில் தங்கின. வெளியுலகம் அவ்வப்போது எட்டிப் பார்த்தது. 1867 அக்டோபர் 5-இல், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்தியின் ஆட்களுக்கும் திருத்தந்தையின் படைக்கும் பான்யோரேஜோவில் மோதல் நடந்தது. 1870-இல் திருத்தந்தையரின் நாடே இத்தாலியோடு இணைந்தது. அதுவரை 'பான்யோரேயா' என்று எழுதப்பட்டு வந்த ஊர்ப் பெயர் 1922-இல் இப்போதுள்ள பழைய வடிவத்துக்குத் திருத்தப்பட்டது. இவை எதுவும் சிவித்தாவின் கழுதைப் பாதையைப் பெரிதாக மாற்றவில்லை.

பாதையை மாற்றியது பாலம். தாழ்ந்துகொண்டே போன முகட்டின்மேல் கட்டப்பட்ட பாலத்தை 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. பின்னர் இடைக்கால ஏற்பாடுகளோடு ஓட்டியபின், 1965-இல் இன்று நாம் பார்க்கும் கான்கிரீட் பாலம் வந்தது: சுமார் 300 மீட்டர் நீளம், நடந்து போகும் அகலம், ஊர்ப்பக்கம் வந்ததும் முழங்காலைச் சோதிக்கும் ஏற்றம். கார் போக முடியாது. குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் சிறு மோட்டார் வண்டிகளில் சாமான் ஏற்றிப் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பாலம் வந்த காலத்தில்தான் ஊர் ஏறத்தாழ முழுவதும் காலியாயிற்று. போருக்குப் பிந்தைய இத்தாலியில் தொழிற்சாலைகளும் ரோமும் இளைஞர்களை இழுத்தன. பள்ளி, மருத்துவர், கடை எல்லாம் பாலத்துக்கு அப்பால் இருந்தன. காரை வீட்டு வாசலில் நிறுத்த முடியாத ஊரில் பிள்ளைகளை வளர்க்க யாரும் விரும்பவில்லை. இதே காலத்தில் சரிவே இல்லாத எத்தனையோ இத்தாலிய மலைக்கிராமங்களும் காலியாயின என்பதை மறக்கக் கூடாது.

'இல் பாயேசே கே முவோரே', அதாவது 'சாகும் ஊர்' என்ற தொடரை நிலைநிறுத்தியவர் பான்யோரேஜோவில் பிறந்த எழுத்தாளரும் ஜெர்மானிய இலக்கியப் பேராசிரியருமான பொனவெந்தூரா தெக்கி. வாழ்ந்த காலம் 1896 முதல் 1968 வரை. சிறுவயதிலிருந்து எதிர்மேட்டில் நின்று அந்தக் குன்று சுருங்குவதைப் பார்த்த ஒருவரின் துயரம் அதில் இருந்தது. பிற்பாடு அந்தத் தொடர் சாலையோரப் பலகைக்கும் விளம்பரத் தாளுக்கும் போய்விட்டது. இன்று ஊருக்கு வருமானம் தரும் சொற்களில் அதற்குத்தான் முதலிடம் என்றால் தெக்கி என்ன சொல்வாரோ.

ஊரை மறுபடி பழுதுபார்த்தவர்களில் முக்கியமானவர் வெளியூர்க்காரர். இலாத்வியாவின் ரிகாவில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற கட்டடக் கலைஞர் ஆஸ்த்ரா சரினா, 1960-களில் இங்கே பாழடைந்த வீடுகளை வாங்கி, தன் கணவருடன் சேர்ந்து பழைய முறையிலேயே சீரமைக்கத் தொடங்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டிவந்து, குன்றூர்களின் அமைப்பைக் கையால் அளந்து வரைந்து கற்கச் செய்தார். 2008-இல் இறக்கும்வரை சிவித்தாவே அவருடைய ஊராக இருந்தது. அவரைப் பின்பற்றி ரோமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வசதியுள்ளவர்கள் விடுமுறை வீடுகள் வாங்கினார்கள். வீடுகள் பிழைத்தன. ஆனால் கூரை மாற்றிய எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. குளிர்காலத்தில் நிலையாகத் தங்குபவர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை.

2006-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் நிலையில் உள்ள 100 இடங்களின் பட்டியலில் சிவித்தாவைச் சேர்த்தது. 2012-இல் ஊருக்குள் அலெமான்னி மாளிகையில் நிலவியல் மற்றும் சரிவுகளுக்கான அருங்காட்சியகம் திறந்தது. போகிறவர்கள் சாப்பாட்டுக் கடைக்கு முன் அங்கே அரைமணி நேரம் செலவழிப்பது நல்லது, பிறகு பாலத்திலிருந்து பார்க்கும்போது வெறும் அழகு என்று தோன்றியது வேறு மாதிரித் தெரியும். பாறை விளிம்புகளில் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இறுக்குவது, மழைநீரை வடித்து அனுப்புவது போன்ற வேலைகளும் நடந்திருக்கின்றன. இவை சரிவை மெதுவாக்கும். களிமண் கரைவதை நிறுத்த முடியாது.

கூட்டத்தைக் கொண்டுவந்தது 2013 ஜூனில் எடுத்த ஒரு முடிவு. பான்யோரேஜோ நகர மன்றம் பாலத்தின் தலைப்பில் நுழைவுச்சீட்டு வைத்தது, முதலில் 1.50 யூரோ. ஊருக்குள் போவதற்கே காசா என்று எதிர்ப்பு எழுந்தது. நடந்ததோ நேர்மாறு. சீட்டு வைத்த செய்தியே இத்தாலி முழுவதும் பரவி விளம்பரமாயிற்று. காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம் என்றால் பார்க்கத்தக்க இடமாகத்தான் இருக்கும் என்று மக்கள் எண்ணினார்கள். 2010 வாக்கில் ஆண்டுக்கு 40,000 பேர் வந்த இடத்துக்கு 2017-இல் 8,50,000 பேர் வந்தார்கள். சீட்டு விலை 5 யூரோ வரை உயர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு நகர மன்றம் தன் குடிமக்கள் மீதான உள்ளூர் வரிகளையே நீக்கிவிட்டது. வெனிஸ் 2024-இல் ஒருநாள் பயணிகளுக்கு 5 யூரோ கட்டணம் விதித்தபோது உலகம் அதைப் புதுமை என்று பேசியது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே இந்தச் சிற்றூர் அதைச் செய்துவிட்டது. 2021-இல் இத்தாலி சிவித்தாவை யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதிக்கும் முன்மொழிந்தது.

கணக்கு யாருக்குச் சாதகம் என்று கேட்டால், நான் தயங்கித்தான் பதில் சொல்வேன். பணம் வருவது சிவித்தாவின் பெயரால். வரி குறைந்தது, வாகன நிறுத்தத்திலும் உணவகத்திலும் வேலை கிடைத்தது எல்லாம் பெரும்பாலும் பாலத்தின் பான்யோரேஜோ பக்கம். 1695-இல் சிவித்தாவிடமிருந்து நகரத் தகுதியை வாங்கிக்கொண்ட அதே ரோத்தா மேடு இன்று அதன் வழியின் சுங்கத்தையும் வாங்குகிறது என்று குறும்பாகச் சொல்லலாம். அதே சமயம் அந்தப் பணம் இல்லாவிட்டால் பாறையில் கம்பி போட யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். கோடை நண்பகலில் நெரிசலாக இருக்கும் சதுக்கம் மாலை ஏழு மணிக்குமேல் பூனைகளுக்கு மட்டும் சொந்தமாகிவிடுவதும் உண்மை. ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே வைத்துக்கொண்டிருப்பது ஜூனிலும் செப்டம்பரிலும் ஆலயத்தின் எதிரே மண் பரப்பி நடத்தும் கழுதைப் பந்தயம். 'தோன்னா' என்று பெயர். முகட்டு வழியில் சுமை இழுத்த பிராணிகளின் வாரிசுகள் ஒரு நாளைக்கு விளையாட்டாக ஓடுகின்றன. பல வேளைகளில் பாதியில் நின்றுவிடுகின்றன.

இழந்த தகுதியைப் பற்றிய நினைவு எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்குப் பெரிய வெள்ளிக்கிழமையன்று நடக்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். புனித தொனாத்தோ ஆலயத்தின் பீடத்தில் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத்தாலான பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம், இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு பக்தையிடம் அது பேசி, நோய் நீங்கப் போவதை அறிவித்தது என்று ஊரார் நம்புகிறார்கள். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அதை இறக்கி, பாடையில் கிடத்தி, தோளில் சுமந்து, பாலத்தைக் கடந்து பான்யோரேஜோவுக்குப் பவனியாக எடுத்துப்போகிறார்கள். பேராலயம் போயிற்று, ஆயர் போனார், 1986-இல் ஆயரின் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டமே வித்தேர்போவோடு இணைக்கப்பட்டுவிட்டது; சுரூபம் மட்டும் இந்தக் குன்றுக்கு உரியது. நள்ளிரவுக்குள் அது பாலம் தாண்டித் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அன்றுமுதல் அது பான்யோரேஜோவுக்குச் சொந்தம் என்பது வழக்கு. எனவே பவனி முடிந்ததும் சுமப்பவர்கள் அங்கே நின்று பேசுவதில்லை. இருட்டில் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க, விளக்குகளோடு, சற்று வேகமாகவே திரும்பி ஏறுகிறார்கள்.